கிக்கும் பேஸும் ஓர் அறையும்

பத்துக்குப் பத்து அறைக்குச் சொந்தமாக ஒரு சுருதி உண்டு. ஏறத்தாழ 57 ஹெர்ட்ஸ். கணக்கு எளிதுதான். நம் ஊர் வெப்பத்தில் ஒலி காற்றில் விநாடிக்குச் சுமார் 348 மீட்டர் போகிறது. பத்தடி என்பது 3.05 மீட்டர். ஒரு சுவரிலிருந்து எதிர்ச்சுவருக்குப் போய்த் திரும்பிவர 6.1 மீட்டர். 348ஐ 6.1ஆல் வகுத்தால் 57. அந்த அதிர்வெண்ணில் ஒரு சுரம் ஒலித்தால், முன்பு கிளம்பிய அலை சுற்றி வந்து சேரும் அதே நொடியில் ஸ்பீக்கரிலிருந்து அடுத்த அலை புறப்படுகிறது. ஊஞ்சல் திரும்பிவரும் கணம் பார்த்துத் தள்ளிவிடுவதுபோல ஒவ்வொரு தள்ளலும் முந்தையதோடு சேர்ந்துகொள்கிறது. பள்ளி இயற்பியலில் படித்த நிலையலைதான் இது. சுவரோரத்தில் ஒலியழுத்தம் உச்சத்தில் இருக்கும். அறையின் நட்டநடுவில் கணு. அங்கே அந்தச் சுரம் ஏறக்குறைய இருக்காது.

இந்த 57 என்ற எண் எங்கே போய் விழுகிறது என்று பாருங்கள். பேஸ் லைன்கள் அதிகம் புழங்கும் ஸ்தாயியில் ஏ சுரம் 55 ஹெர்ட்ஸ், ஏ ஷார்ப் 58.3 ஹெர்ட்ஸ், ஜி 49 ஹெர்ட்ஸ். 1980இல் வந்த ரோலண்ட் டிஆர்-808 இயந்திரத்தின் கிக் ஒலி, அதன் முதல் தட்டலுக்குப் பிறகு 50 ஹெர்ட்ஸ் பக்கத்தில்தான் அடங்குகிறது. அந்த இயந்திரத்தை வைத்து 1982இல் மும்பையில் சரண்ஜித் சிங் ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்துப் பதிவு செய்தார். இன்று ஹவுஸ், டெக்னோ, ட்ராப் செய்யும் எல்லோருடைய சாம்பிள் கோப்பறையிலும் அதே 808 இருக்கிறது. எலெக்ட்ரானிக் இசையின் மொத்த எடையும் 40 முதல் 100 ஹெர்ட்ஸ் வரையிலான குறுகிய இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. சிறிய அறை ஒலியை மிக மோசமாகத் திரிக்கும் இடமும் அதுவே.

வீட்டில் செய்த பாட்டு காரில் போட்டால் குழம்பிக் கேட்கிறது, நண்பனின் ஸ்பீக்கரில் பேஸ் காணாமல் போகிறது, போனில் கிக்கே இல்லை. இந்தப் புகார்களுக்கெல்லாம் புதிய ப்ளக்-இன் வாங்குவதுதான் வழி என்று இளைஞர்கள் நம்புகிறார்கள். அவர்களிடம் இருக்கும் ஈக்யூவும் கம்ப்ரசரும் போதும் என்பதே என் எண்ணம். டாஃப்ட் பங்க் 1997இல் வெளியிட்ட முதல் ஆல்பத்தைப் பாரிஸில் தாமஸ் பங்கால்டரின் வீட்டில்தான் செய்தார்கள். இன்று ஒரு சாதாரண மடிக்கணினியில் கிடைக்கும் வசதியில் சிறு பங்குகூட அன்று அவர்களுக்கு இல்லை. இன்று வீட்டு மிக்ஸ் கெட்டுப்போவது பெரும்பாலும் ஒரே காரணத்தால்: 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே என்ன நடக்கிறது என்பது அதைச் செய்பவருக்குக் கேட்பதில்லை. கேட்காததைத் திருத்த முயலும்போது, பாட்டைத் திருத்துவதாக நினைத்துக்கொண்டு அறையைத் திருத்துகிறார். 57 ஹெர்ட்ஸ் கணுவில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்திருப்பவருக்குப் பேஸ் பற்றாததாகத் தோன்றும். ஆறு டெசிபல் ஏற்றுவார். அந்த ஆறு டெசிபல் பாட்டோடு சேர்ந்து அறையை விட்டு வெளியே போகும்.

உங்கள் அறை என்ன செய்கிறது என்று பார்க்க மைக் எதுவும் வேண்டாம். ஏதாவது ஒரு சின்த்தில் வெறும் சைன் அலையை வைத்து 57 ஹெர்ட்ஸை மிதமான சத்தத்தில் ஓடவிடுங்கள். ஸ்பீக்கரை ஒட்டிய சுவரிலிருந்து எதிர்ச்சுவர் வரை மெதுவாக நடங்கள். சுவரருகே நெஞ்சில் அதிரும் ஒலி, சில அடி நடந்ததும் இளைத்து, அறை நடுவில் ஏதோ பக்கத்து வீட்டில் கேட்பதுபோல் ஆகி, எதிர்ச்சுவரை நெருங்கும்போது மீண்டும் வீங்கும். ஸ்பீக்கரின் சத்தக் குமிழை யாரும் தொடவில்லை. அடுத்து உங்கள் நாற்காலியில் உட்கார்ந்து அதே சைன் அலையில் 40 ஹெர்ட்ஸிலிருந்து 120 ஹெர்ட்ஸ் வரை ஒவ்வொரு சுரமாக, ஒரே அளவில் வாசியுங்கள். எந்தச் சுரம் துருத்துகிறது, எது காணாமல் போகிறது என்று தாளில் எழுதி மானிட்டருக்குப் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். இந்தத் தாள் கையில் இருந்தால், 'ஏ ஷார்ப் மட்டும் பூதமாகக் கேட்கிறதே' என்று ஈக்யூவைத் திறப்பதற்கு முன் கை கொஞ்சம் தயங்கும்.

நம் வீடுகளுக்கென்று ஒரு தனித் தொல்லையும் உண்டு. பத்துக்குப் பத்து அறையின் கூரையும் பல வீடுகளில் பத்தடிதான். அப்படியானால் நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரே 57 ஹெர்ட்ஸில் ஒத்ததிர்கின்றன. ஒலியைப் பொறுத்தவரை கனசதுரத்தைவிட மோசமான அறை கிடையாது. பத்துக்குப் பன்னிரண்டு என்றால் ஒரு திசையின் ஒத்ததிர்வு 48 ஹெர்ட்ஸ் பக்கம் நகர்ந்துவிடும். தொல்லை பரவிக்கொள்வதால் கொஞ்சம் தணியும். இரண்டாவது, சுவர். இணையத்தில் கிடைக்கும் ஹோம் ஸ்டூடியோ அறிவுரைகளில் பெரும்பகுதி அமெரிக்க வீடுகளை மனத்தில் வைத்துச் சொன்னவை. அங்கே உட்சுவர்கள் மரச்சட்டத்தில் அடித்த ஜிப்சம் பலகைகள். அவை தாழ்ந்த ஒலிக்குச் சற்று அசைந்து கொடுத்து, அந்த அசைவிலேயே கொஞ்சம் ஆற்றலை விழுங்கிவிடும். செங்கல் சுவரும் கான்கிரீட் கூரையும் அசையாது. வந்த பேஸை அப்படியே திருப்பி அனுப்பும். இப்படிப்பட்ட காலி அறையில் தாழ்ந்த சுரம் ஒன்று நின்ற பிறகும் அரை விநாடிக்கு மேல் சுற்றிக்கொண்டிருக்கலாம். 124 பிபிஎம் வேகத்தில் ஒரு கிக்கிலிருந்து அடுத்த கிக்குக்கு 0.48 விநாடி. முதல் கிக்கின் வால் அறையில் அடங்கும் முன்பே அடுத்தது வந்துவிடுகிறது. அந்த நிலையில் கிக்கின் நீளம் எவ்வளவு என்று யாராலும் காதால் சொல்ல முடியாது.

அறையை மாற்ற முடியாதவர்கள் முதலில் செய்ய வேண்டியது நாற்காலியை நகர்த்துவது. செலவில்லாத வேலை. நடுவிலும் உட்காரக் கூடாது, பின்சுவரில் சாய்ந்தும் உட்காரக் கூடாது. அறையின் நீளத்தில் முன்சுவரிலிருந்து 38 சதவீதத் தூரத்தில் தலை இருக்கும்படி தொடங்கிப் பாருங்கள் என்பது ஸ்டூடியோ கட்டுபவர்களிடையே புழங்கும் கணக்கு. பத்தடி அறையில் நாலடிக்குச் சற்றுக் குறைவாக வரும். அங்கிருந்து முன்னும் பின்னும் அரையடி நகர்ந்து, சுரங்கள் எங்கே ஓரளவு சமமாகக் கேட்கின்றனவோ அங்கே தரையில் குறி வைத்துவிடலாம்.

அடுத்தது ஸ்பீக்கர். தாழ்ந்த ஒலி ஸ்பீக்கரின் முன்னால் மட்டும் போவதில்லை, பின்பக்கமும் போய்ச் சுவரில் பட்டுத் திரும்புகிறது. ஸ்பீக்கருக்கும் அதன் பின்சுவருக்கும் ஒரு மீட்டர் இடைவெளி என்றால், திரும்பிவரும் ஒலி இரண்டு மீட்டர் கூடுதலாகப் பயணம் செய்கிறது. அலைநீளம் நான்கு மீட்டராக உள்ள ஒலிக்கு, அதாவது ஏறத்தாழ 87 ஹெர்ட்ஸுக்கு, அது சரியாக அரை அலை தாமதம். முன்னால் போனதும் பின்னால் வந்ததும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஸ்பீக்கரைச் சுவரை நெருங்கித் தள்ளினால் இந்தப் பள்ளம் சில நூறு ஹெர்ட்ஸுக்கு ஏறிவிடும். அங்கே அதைப் பஞ்சுப் பலகையால் சமாளிக்கலாம். சுவரை நெருங்கினால் பேஸ் மொத்தமாகக் கூடும் என்பது உண்மை. அதற்காகத்தான் பல மானிட்டர் ஸ்பீக்கர்களின் முதுகில் பேஸைக் குறைக்கும் சிறு சுவிட்ச் வைத்திருக்கிறார்கள்.

பஞ்சு என்றதும் ஒரு செய்தி. முட்டை அட்டைகளைச் சுவரில் ஒட்டுவதால் பேஸுக்கு எதுவும் ஆகாது. ஒரு அங்குல ஸ்பாஞ்சும் அப்படித்தான். அவை மேலே இருக்கும் ஒலியைக் கொஞ்சம் உறிஞ்சும், கீழே இருப்பதை விட்டுவிடும்; அறை முன்பைவிட மந்தமாகவும் கும்மென்றும் ஆகிவிடும். நுண்துளைப் பொருள் ஒரு ஒலியை நன்றாக உறிஞ்ச வேண்டுமானால் காற்றுத்துகள்கள் வேகமாக அசையும் இடத்தில் அது இருக்க வேண்டும். அந்த இடம் சுவரிலிருந்து கால் அலைநீளத் தூரத்தில் இருக்கிறது. 57 ஹெர்ட்ஸுக்கு அது ஒன்றரை மீட்டர். ஒன்றரை மீட்டர் தடிமனில் சுவரை மூட யாராலும் முடியாது. ஆனாலும் நாலு அங்குல ராக்வூல் பலகைகளைத் துணியில் சுற்றி, சுவரிலிருந்து இடைவெளி விட்டு நிறுத்தினால் நூறு ஹெர்ட்ஸுக்கு மேலே நல்ல மாற்றம் தெரியும். மூலைகளுக்கு முன்னுரிமை கொடுங்கள், அறையின் எல்லா ஒத்ததிர்வுகளும் அங்கேதான் கூடுகின்றன. மூலையை எவ்வளவு ஆழமாக நிரப்ப முடியுமோ அவ்வளவு நல்லது.

'ரூம் கரெக்‌ஷன்' மென்பொருளை நம்புகிறவர்களுக்கும் ஒரு எல்லை இருக்கிறது. துருத்தும் சுரத்தை அது குறைத்துக் கொடுக்கும். கணுவை நிரப்ப அதனால் முடியாது. அங்கே சத்தத்தை ஏற்றினால் நேராக வரும் அலையும் ஏறுகிறது, அதை அழிக்க வரும் எதிரொலியும் அதே அளவு ஏறுகிறது. ஸ்பீக்கர்தான் வீணாகத் திணறும்.

இவ்வளவு செய்தும் மிச்சமிருக்கும் கடைசி ஸ்தாயிக்கு ஹெட்போன்தான் கதி. அதில் அறை இல்லை, கணு இல்லை. 40 முதல் 80 ஹெர்ட்ஸ் வரை கிக்கும் பேஸும் எப்படி உறவாடுகின்றன என்பதைப் பத்துக்குப் பத்து அறையில் எந்த விலை ஸ்பீக்கரையும்விட நல்ல ஹெட்போன் நேர்மையாகச் சொல்லும். அதற்கும் குறை உண்டு. ஸ்பீக்கரில் இடது ஒலி வலது காதுக்கும் சற்றே தாமதமாகப் போய்ச் சேருகிறது. ஹெட்போனில் அந்தக் கலப்பு இல்லாததால் அகலம் மிகையாகத் தெரியும், ரிவெர்ப் தெளிவாகக் கேட்பதால் அளவைக் குறைத்துவிடத் தோன்றும். ஆகவே பேஸின் தீர்ப்பை ஹெட்போனிடமும், அகலம், ரிவெர்ப், குரலின் அளவு ஆகியவற்றின் தீர்ப்பை ஸ்பீக்கரிடமும் விடலாம்.

அறைக்கு அடுத்தபடி நம் காது. பெல் ஆய்வகத்தின் ஹார்வி ஃபிளெட்சரும் வில்டன் மன்சனும் 1933இல் ஓர் அளவீட்டை வெளியிட்டார்கள்: வெவ்வேறு அதிர்வெண்கள் நமக்கு ஒரே சத்தமாகத் தோன்ற ஒவ்வொன்றுக்கும் எத்தனை டெசிபல் வேண்டும்? இன்று அதே வளைகோடுகள் திருத்தப்பட்டு ஐஎஸ்ஓ 226 என்ற தர அளவாக இருக்கின்றன. 2003 பதிப்பின்படி, 1000 ஹெர்ட்ஸ் சுரம் 80 டெசிபலில் ஒலிக்கும்போது அதற்கு இணையாகக் கேட்க 50 ஹெர்ட்ஸ் சுரத்துக்குச் சுமார் 102 டெசிபல் தேவை. இருபத்திரண்டு டெசிபல் வித்தியாசம். அதே 1000 ஹெர்ட்ஸை 40 டெசிபலுக்குத் தாழ்த்தினால் வித்தியாசம் ஏறத்தாழ 38 ஆகிவிடுகிறது. சத்தத்தைக் குறைக்கக் குறைக்க பேஸ் மற்றதைவிட வேகமாகக் காதிலிருந்து விலகுகிறது.

வீட்டில் இசை செய்பவர்களின் ஒரு மாலைப்பொழுது எப்படிப் போகிறது என்று தெரியும். ஏழு மணிக்குக் கதவை மூடி நல்ல சத்தத்தில் ஆரம்பம். பத்து மணிக்கு வீட்டில் எல்லோரும் தூங்கப் போவதால் குமிழைக் குறைத்தாகிவிட்டது. இப்போது பேஸ் மெலிந்து கேட்கும், ஃபேடரை ஏற்றுவார். மறுநாள் காலை உரக்கப் போட்டால் அறை முழுக்கப் பேஸ். இதில் ரசனைக் கோளாறு எதுவும் இல்லை, காதின் அமைப்பு அப்படி. வழி: ஒரே அளவு சத்தத்தை முடிவு செய்து, குமிழில் கோடு போட்டு, அதிலேயே வேலை செய்வது. சிறிய அறையில் 70 முதல் 75 டெசிபல் போதும். போனில் இருக்கும் ஒலியளவு செயலி துல்லியமானதல்ல என்றாலும் இதற்குப் பயன்படும். அவ்வப்போது மிகத் தாழ்வாகவும் ஒருமுறை கேட்கலாம். அப்போது கிக்கும் குரலும் முக்கிய மெலடியும் இன்னும் தெரிகின்றனவா என்பது நல்ல சோதனை. இதில் காதைக் காக்கும் கணக்கும் இருக்கிறது. அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு, உடல்நல ஆய்வு நிறுவனம் 85 டெசிபலுக்கு நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் என்று எல்லை வைத்திருக்கிறது. ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் நேரம் பாதியாகும். 94 டெசிபலில் ஒரே மணி நேரம். ஹெட்போனில் இந்த எல்லையைத் தாண்டுவது மிகச் சுலபம், போன செவித்திறன் திரும்புவதில்லை.

இப்போது கிக்குக்கும் பேஸுக்கும் வருவோம், நான் அதிகம் நின்று பேச விரும்பும் இடம் இது.

ஒரு ஒலி இன்னொன்றைக் கேட்கவிடாமல் செய்வதை மறைப்பு என்கிறோம். காதின் உள்ளே நத்தைச்சுருளில் இருக்கும் சவ்வு, அதிர்வெண்களைப் பட்டை பட்டையாகப் பிரித்து வாங்குகிறது. ஒரே பட்டைக்குள் விழும் இரு ஒலிகளில் பெரியது சின்னதை விழுங்கிவிடும். பட்டைகளின் அகலத்தை அளந்து வரிசைப்படுத்தியவர்களில் ஒருவர் ஜெர்மானியரான எபர்ஹார்ட் ஸ்விக்கர்; கேட்கும் எல்லை முழுவதையும் 24 பட்டைகளாகப் பிரித்தார். அதில் முதல் பட்டையே 100 ஹெர்ட்ஸ் வரை போகிறது. கிக்கின் 50 ஹெர்ட்ஸும் பேஸின் 55, 65, 73 ஹெர்ட்ஸ் சுரங்களும் எல்லாம் அந்த ஒற்றைப் பட்டைக்குள் அடக்கம். கிக்குக்கு 50இல் ஏற்றி, பேஸுக்கு 50இல் குறைத்து, ஈக்யூவிலேயே இரண்டையும் பிரித்துவிடலாம் என்று பலர் மணிக்கணக்கில் போராடுவது ஏன் பலன் தருவதில்லை என்பதற்கு இதுவே விடை. படத்தில் பிரிந்து தெரியும். காதில் பிரியாது.

அதிர்வெண்ணில் பிரிக்க முடியாததை நேரத்தில் பிரிக்கலாம். சைட்செயின் கம்ப்ரஷன் செய்வது அதைத்தான். பேஸ் ட்ராக்கில் ஒரு கம்ப்ரசர். அது பேஸைக் கவனிக்காமல் கிக்கைக் கவனிக்கும். கிக் விழும்போதெல்லாம் பேஸை ஆறு முதல் பத்து டெசிபல் இறக்கி, கிக் முடிந்ததும் ஏற்றிவிடும். 2004இல் எரிக் பிரிட்ஸின் 'கால் ஆன் மீ' உலகம் முழுக்க ஓடியபோது, பாட்டு முழுதும் கிக்குக்கு வழிவிட்டு மூச்சு வாங்குவதுபோன்ற அந்தத் துடிப்பே ஒரு பாணியாகிவிட்டது. அப்படிக் காதில் விழ வேண்டும் என்பதில்லை. 124 பிபிஎம்மில் கிக்கிலிருந்து நடுத்தாளத்துக்கு 0.24 விநாடி இருக்கிறது. ரிலீஸ் நேரத்தை 120 முதல் 180 மில்லிவிநாடிக்குள் வைத்தால், நடுத்தாளத்தில் பேஸ் முழு உருவத்தோடு திரும்பியிருக்கும், வழிவிட்டது யாருக்கும் தெரியாது.

ஒரு உதாரணத்தைக் கிட்டத்தில் பார்க்கலாம். ஏ மைனரில் ஒரு ஹவுஸ் பாட்டு. கிக்கின் வால் 50 ஹெர்ட்ஸில், 300 மில்லிவிநாடி நீளம். பேஸ் 55 ஹெர்ட்ஸ். இரண்டும் சேர்ந்து ஒலிக்கும்போது விநாடிக்கு ஐந்து விம்மல்கள், அதாவது 200 மில்லிவிநாடிக்கு ஒரு முறை சத்தம் எழுந்து தாழும். கிக்கின் வாலுக்குள்ளேயே ஒன்றரை விம்மல் நடந்து முடிந்துவிடுகிறது. கிக்கைத் தனியாகப் போட்டால் கச்சிதம், பேஸைத் தனியாகப் போட்டால் கச்சிதம், சேர்த்தால் ஏதோ தள்ளாட்டம். இங்கே கம்ப்ரசரைத் தொடும் முன் கிக்கின் வாலை 150 மில்லிவிநாடிக்கு வெட்டிப் பாருங்கள். அல்லது கிக் சாம்பிளைச் சுருதி கூட்டி 55 ஹெர்ட்ஸுக்குக் கொண்டுவாருங்கள்.

55க்கு வந்ததும் வேறொரு வினை முளைக்கும். இரண்டும் ஒரே அதிர்வெண் என்பதால், இப்போது எல்லாம் அவற்றின் கட்டத்தைப் பொறுத்தது. 55 ஹெர்ட்ஸின் ஒரு சுற்று 18 மில்லிவிநாடி. கிக்கும் பேஸும் ஒவ்வொன்றும் மீட்டரில் -10 காட்டினால், இரண்டு அலைகளும் சேர்ந்து ஏறும்போது -4 வரும். ஒன்று ஒன்பது மில்லிவிநாடி பிந்தினால், ஒன்று ஏறும்போது மற்றது இறங்கி, கிட்டத்தட்ட எதுவும் மிஞ்சாது. பல சின்த்களில் ஆஸிலேட்டர் தானாக ஓடிக்கொண்டே இருக்கும். நீங்கள் சுரத்தை அழுத்தும்போது அலை எங்கே இருக்கிறதோ அங்கிருந்து ஒலி தொடங்கும். அதனால் முதல் பாரில் பேஸ் நிறைந்தும், இரண்டாம் பாரில் வற்றியும் போகிறது. ரீட்ரிக் என்ற பட்டனைப் போட்டுவிட்டால் ஒவ்வொரு சுரமும் அலையின் ஒரே புள்ளியில் தொடங்கும். பிறகு பேஸ் ட்ராக்கின் போலாரிட்டியைத் தலைகீழாக்கிப் பார்த்து, எது நிறைவாகக் கேட்கிறதோ அதை வைத்துக்கொள்ளலாம். இரண்டு பட்டன்கள்தான். 'பேஸில் ஏன் இந்தச் சீரின்மை' என்று கம்ப்ரசர் மேல் கம்ப்ரசர் போடுகிறவர்களில் பலருக்கு அந்த இரண்டு பட்டன்கள் போதுமாயிருக்கும்.

சரி, போன் ஸ்பீக்கர்? அந்தச் சிறு சில்லால் 55 ஹெர்ட்ஸை எழுப்பவே முடியாது. ஆனாலும் நன்றாக மிக்ஸ் செய்த பாட்டில் பேஸ் லைன் போனிலும் கேட்கிறது. 1840களில் ஆகஸ்ட் ஸீபெக் என்ற ஜெர்மானிய இயற்பியலாளர் சைரன்களை வைத்துச் செய்த சோதனைகளிலும், 1940 வாக்கில் நெதர்லாந்தின் பிலிப்ஸ் ஆய்வகத்தில் ஸ்கௌட்டன் செய்த சோதனைகளிலும் இதன் காரணம் வெளிப்பட்டது. 110, 165, 220 என்ற மேற்சுரங்கள் மட்டும் ஒலித்தாலும், அவற்றின் பொது இடைவெளியான 55ஐ மூளை தானாகவே சுருதியாக எடுத்துக்கொள்கிறது. அடிச்சுரம் காற்றில் இல்லை, கேட்பில் இருக்கிறது. ஆகவே வெறும் சைன் அலையாக உள்ள சப்-பேஸில் கொஞ்சம் சாச்சுரேஷன் சேர்த்தால் மேற்சுரங்கள் பிறக்கும்; போனில் பேஸ் உயிர் பெறும். அதை ஒரு தனி ட்ராக்கில் நகலெடுத்து, 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டிவிட்டு, அந்த நகலை மட்டும் உறுத்தாத அளவு கரகரப்பாக்குவது எனக்குப் பிடித்த முறை. மூல சப் தூய்மையாகவே இருக்கும்.

தாழ்ந்த ஒலி உயர்ந்த ஒலியை மறைக்கும் அளவுக்கு, உயர்ந்தது தாழ்ந்ததை மறைப்பதில்லை. இதை 1924லேயே வெகலும் லேனும் அளந்து சொன்னார்கள். 200 முதல் 400 ஹெர்ட்ஸ் வரை பேட் சின்த், கார்ட், ரிவெர்பின் வால் எல்லாம் சேர்ந்து தேங்கும்போது மேலே இருக்கும் குரலும் லீடும் மங்குவது அதனால்தான். குரலை இன்னும் பளிச்சென்று ஆக்க 5000 ஹெர்ட்ஸில் ஏற்றுவதற்கு முன், பேட்டில் 300 பக்கம் மூன்று டெசிபல் குறைத்துப் பாருங்கள். ரிவெர்புக்குப் போகும் ஒலியையும் 250க்குக் கீழே வெட்டிவிடுங்கள்.

ஸ்டீரியோ அகலம் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. 1996இல் ரோலண்ட் ஜேபி-8000 ஏழு ஸா அலைகளைச் சற்றே சுருதி பிசகவிட்டு அடுக்கியதிலிருந்து அகன்ற லீட் ஒலி எல்லோருக்கும் வேண்டியதாகிவிட்டது. ஒரு பக்கத்தை 15 மில்லிவிநாடி தாமதப்படுத்தி அகலம் கூட்டுவது இன்னொரு வழக்கம். இரண்டுமே மோனோவில் உடையலாம்: 15 மில்லிவிநாடித் தாமதம் மோனோவில் சேரும்போது 33 ஹெர்ட்ஸில் தொடங்கி 67 ஹெர்ட்ஸுக்கு ஒரு பள்ளம் விழுகிறது. பல கிளப்களிலும் கல்யாண மண்டபங்களிலும் ஒலி மோனோவில்தான் வருகிறது. மிக்ஸின்போதே மோனோ பட்டனை அடிக்கடி அழுத்திப் பார்ப்பதும், 120 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாவற்றையும் நடுவில் வைப்பதும் போதும்.

ஸ்பீக்கர் வாங்கப் போகிறவர்களுக்கு யமஹா என்எஸ்-10 ஸ்பீக்கரின் வரலாறு உதவும். 1978இல் வீட்டுக்கான ஸ்பீக்கராக வந்து, விற்பனையில் பெரிதாகப் பேசப்படாமல், பிறகு உலகின் பெரிய ஸ்டூடியோக்களிலெல்லாம் மேசைமேல் ஏறி உட்கார்ந்தது. பேஸ் குறைவு, கேட்க இனிமையும் இல்லை. ஏன் எல்லோரும் அதையே நம்பினார்கள் என்று இங்கிலாந்தின் சௌத்தாம்ப்டன் பல்கலைக்கழக ஒலியியலாளர்களின் பங்கேற்போடு 2001இல் ஓர் ஆய்வு வந்தது. என்எஸ்-10 மூடிய பெட்டி. துளை போட்டு பேஸைப் பெருக்கும் ஸ்பீக்கர்களைப்போல் தாழ்ந்த ஒலியை இழுத்துக்கொண்டே போகாமல் சட்டென்று நிறுத்திவிடுகிறது. கிக் எங்கே முடிகிறது என்பது அதில் தெரிந்தது. சிறிய அறைக்குப் பெரிய வூஃபர் வாங்குவதைவிட, ஒலியைச் சட்டென்று நிறுத்தத் தெரிந்த நடுத்தர ஸ்பீக்கர் மேல் என்று நான் சொல்வது இதை வைத்துத்தான்.

எந்த மாற்றத்தைச் செய்தாலும், முன்பும் பின்பும் ஒரே சத்தத்தில் வைத்து ஒப்பிடுங்கள். ஒரு டெசிபல் உரக்கக் கேட்பதைக் காது 'நன்றாக இருக்கிறது' என்றுதான் எடுத்துக்கொள்ளும். பல ப்ளக்-இன்கள் பெயர் வாங்குவது அந்த ஒரு டெசிபலால்தான். நீங்கள் முன்மாதிரியாக வைத்துக் கேட்கும் வெளியான பாட்டையும் உங்கள் மிக்ஸின் அளவுக்குத் தாழ்த்தியே கேட்க வேண்டும். மாஸ்டரிங்கில் பாட்டை நசுக்கி உரக்கச் செய்வதற்கும் இன்று பெரிய லாபமில்லை. 2006இல் சர்வதேச தொலைத்தொடர்பு ஒன்றியம் சத்தத்தை அளக்கும் பொது முறையை வகுத்த பிறகு, ஸ்பாட்டிஃபை பாட்டின் சராசரிச் சத்தத்தை அந்த அளவுகோலில் -14க்குக் கொண்டுவருகிறது. -8இல் நீங்கள் அனுப்பிய பாட்டு ஆறு டெசிபல் இறக்கப்படும். நசுங்கிய கிக் நசுங்கியதாகவே இருக்கும்.

இன்னொரு வழியும் இருக்கிறது, இசை செய்பவர்கள் அதைத் தோல்வியாக நினைப்பது எனக்கு வருத்தம். 2019இல் வந்த பில்லி ஐலிஷின் முதல் ஆல்பம், லாஸ் ஏஞ்சலஸில் அவர்கள் பெற்றோரின் வீட்டில், அண்ணன் ஃபினியாஸின் சிறு படுக்கையறையில் உருவானது. அடுத்த ஆண்டு அது சிறந்த ஒலிப்பதிவுப் பொறியியலுக்கான கிராமி விருதையும் வாங்கியது. அந்த விருதில் ஃபினியாஸோடு மிக்ஸ் செய்த ராப் கினெல்ஸ்கியின் பெயரும் மாஸ்டரிங் செய்த ஜான் கிரீனமின் பெயரும் இருக்கின்றன. நம் ஊரிலும் ஏ.ஆர். ரஹ்மானின் பாட்டுகளை நெடுங்காலம் மிக்ஸ் செய்தவர் எச். ஸ்ரீதர். பாட்டை உருவாக்கியவருக்கு ஒவ்வொரு ஒலியும் எங்கே ஒளிந்திருக்கிறது என்று முன்பே தெரியும். தெரிந்ததைக் காது எடுத்துக் கொடுத்துவிடும். முதல்முறை கேட்பவருக்கு அது முடியாது. இசை செய்யும் நண்பர் ஒருவரோடு பாட்டை மாற்றிக்கொள்ளுங்கள். அவர் உங்கள் மிக்ஸைத் தன் அறையில் கேட்டு, எந்தச் சுரத்தில் பேஸ் துருத்துகிறது, குரல் எங்கே மங்குகிறது என்று நிமிடம், விநாடியோடு எழுதித் தரட்டும். அவருடைய அறையின் கணுக்கள் உங்கள் அறையில் இருக்கும் இடத்தில் இருக்காது. இருவர் தாளிலும் ஒரே விநாடியில் ஒரே குறை எழுதியிருந்தால் அது பாட்டில் இருக்கிறது, அங்கே ஈக்யூவைத் திறக்கலாம்.